ஊதாக் கோழியும் சைலன்ட் லேடியும்

போன வியாழக்கெழம காலையில, நாலு கால் பாய்ச்சல்ல ஓடிகினு இருந்த ஒரு ரேஸ் குதிரைய ஒத்தக் கையால புட்ச்சு நிறுத்துனேன்.

பொய்.

நிறுத்துனது நான் இல்ல. வேலி. நான் கயித்தோட இன்னொரு முனையில, வயித்தால தரைய பெருக்கிகினு போனேன். ஒத்தக் கைன்றது மட்டும் நெசம். இன்னொரு கையில பல்லு வெளக்கற வேப்பங்குச்சி இருந்துது. கடைசி வரைக்கும் அத்த வுடல. ஏன் வுடலன்னு கேட்டா எனக்கே தெரியாது.

வாராவாரம் இத்த படிக்கறவங்களுக்கு என் மொத வரிய நம்பக் கூடாதுன்னு தெரியும். புதுசா வந்தவங்களுக்கு சொல்லிர்றேன். பேரு அந்தோணி. படிப்பு, பள்ளிக்கூடத்து கேட்டு வரைக்கும். எழுத்துல தப்பு இருந்தா எடிட்டர் சார் பொறுப்பு. விஷயத்துல தப்பு இருந்தா என் பொண்டாட்டி ஸ்டெல்லா பொறுப்பு. எனக்குன்னு தனியா பொறுப்பு எதுவும் கெடையாது.

வேல? தாம்பரத்துல எறங்கி முடிச்சூர் ரோட்டுல மேக்கால போனீங்கன்னா, தென்னந்தோப்பு தாண்டி செல்வராஜ் சாரோட குதிர லாயம் வரும். கிண்டி ரேஸ்ல ஓடற குதிரைங்களுக்கு கால் வீங்கினா, மூச்சு எரைச்சா, இல்ல சொம்மா மனசு சரியில்லன்னா ரெஸ்ட்டுக்கு இங்க அனுப்புவாங்க. பெரிய மனுஷங்களுக்கு ஊட்டி மாதிரி. நான் அங்க சைஸ், அதான் குதிரக்காரன். குதிரைக்கு ஒடம்பு தேய்க்கறது, கொள்ளு வேவிக்கறது, காத்தால நடத்திகினு போறது, லத்தி அள்றது. வெளிய யாராவது கேட்டா "மேனேஜர்"ன்னு சொல்லுவேன். லத்திய மேனேஜ் பண்றவன மேனேஜர்னு சொல்லாம வேற இன்னான்னு சொல்றது?

இப்ப நம்மகிட்ட கீற குதிரைங்கள்ல பெரிய தல ஒருத்தி. பேரு சைலன்ட் லேடி. யாரு வெச்ச பேரோ தெரியல, வெச்சவரு அவள நேர்ல பார்த்திருக்கவே மாட்டாரு. கொள்ளு ரெண்டு நிமிஷம் லேட்டாச்சுன்னா அவ கத்தற கத்துல தாம்பரம் ஸ்டேஷன்ல ட்ரெயின் கெளம்பிடும்.

சரி. குதிர எடத்துல கோழி எப்படி வந்துது?

ஸ்டெல்லாவுக்கு நெஞ்சு சரியில்லாம சானடோரியத்துல இருந்துட்டு வூட்டுக்கு வந்தா. வரும்போது டாக்டர் சொல்லி அனுப்சாரு... பால், முட்ட, நல்ல காத்து. காத்து நம்மகிட்ட ஏகத்துக்கு கீது, பம்மல் தோல் ஷெட்டு பக்கத்துலேருந்து அடிக்காத அன்னிக்கு. பாலுக்கு எதுத்தாப்ல எரும கீது. முட்டைக்கு இன்னா பண்றது? செல்வராஜ் சார்கிட்ட கேட்டேன். "ரெண்டு மூணு வெச்சுக்கோப்பா, குதிரைக்கு தொந்தரவு இல்லாம"ன்னாரு. நல்ல மனுஷன். கூடுவாஞ்சேரி சந்தைக்குப் போயி வெள்ள லெகான் கோழிக்குஞ்சுங்கள கூடையோட வாங்கியாந்தேன். சார் சொன்ன ரெண்டு மூணுன்றது என் காதுல சரியா வுழலன்னு வெச்சுக்குங்க.

இப்ப ஸ்டெல்லாவுக்கு சளியும் இல்ல, இருமலும் இல்ல. என்ன திட்டறப்ப நடுவுல மூச்சு கூட வாங்கறதில்ல. அதுக்கு காரணம் கோழிங்கதான்னு அவ சொல்றா. ஒவ்வொரு கோழிக்கும் பேரு வெச்சிருக்கா. அதுல ஒண்ணு டீச்சரம்மா. தலைய நிமித்திகினு, ஒவ்வொரு காலா எடுத்து வெச்சு, கிளாஸ்ல எவன் பேசறான்னு பார்த்துகினே நடக்கும். நான் பள்ளிக்கூடத்துலேருந்து ஓடியாந்தவன். அந்தக் கோழி நிமுந்து பார்த்தா இன்னிக்கும் எனக்கு கை தானா நீளும், அடி வாங்க.

குதிர எடத்துல கோழி வளக்கறது நல்லதா கெட்டதான்னு ஒரு வாசகர் கேட்டிருந்தாரு. நல்லதுதான் சார். லத்திய குமிச்சு வெச்சா ஈ முட்ட வெக்கும், புழு வரும், புழு ஈயாவும், ஈ நேரா குதிர கண்ணுல போய் ஒக்காரும். கோழி இருந்துதா? விடிஞ்சும் விடியாம குப்பமேட்டுல ஏறி நின்னு, ரெண்டு காலாலயும் பின்னால தள்ளி, தள்ளி, தள்ளி... ஒரு புழுவ வளர வுடாது. குதிர வாயிலேருந்து சிந்தற கொள்ளு வீணாப் போவாது. பாம்பு வந்தா மொதல்ல கத்தறது கோழி. ரெண்டாவது கத்தறது நான்.

கெட்டது? ஒக்காருங்க, டீ சொல்லுங்க.

கொள்ள வேவிச்சு ஆற வெச்சுட்டு திரும்பறதுக்குள்ள தட்டு நடுவுல கோழி நிக்கும். சேணத்த தொடச்சு பளபளன்னு மாட்டி வெச்சா, அதுமேல ஏறி ஒக்காந்து தன்னோட அபிப்பிராயத்த சொல்லிட்டுப் போவும். தனியா கூடு கட்டி, வைக்கல் போட்டு, "வா தாயி, இங்க முட்ட போடு"ன்னு கெஞ்சினாலும் போடாது. குதிர துன்ற தொட்டிலதான் போடும். குதிர பாவம், புல்லுன்னு நெனச்சு வாய வெச்சிட்டு, மூக்கெல்லாம் மஞ்சக்கருவோட நம்மள பாக்கும். சேவல் கீதே, அதுக்கு விடியறதுன்னா இன்னான்னே தெரியாது. மத்தியானம் கூவும். சாயங்காலம் கூவும். எலெக்ட்ரிக் ட்ரெயின் ஹாரன் அடிச்சா பதில் சொல்லும்.

இதெல்லாம் கூட பரவால்ல. பேஜாரு எங்க ஆரம்பிச்சுது தெரியுமா? பக்கத்து காம்பவுண்டுல.

அங்க கீறவரு ரயில்வேல கார்டா இருந்து ரிட்டையரானவரு. கார்டு சார்னுதான் எல்லாரும் கூப்புடுவோம். அவரும் வெள்ள லெகான் வளக்கறாரு. நடுவுல ஒரு முள்ளு வேலி. மனுஷனுக்குத்தான் அது வேலி, கோழிக்கு அது வாசப்படி. போன புதன்கெழம சாயங்காலம் ஸ்டெல்லா வேலியாண்ட நின்னு கத்தறா.

"கார்டு சார், எங்க டீச்சரம்மா உங்க பக்கம் வந்திருக்கா. அனுப்பி வுடுங்க."

"எது டீச்சரம்மா? இது எங்க கோழிம்மா. காலையிலேருந்து இங்கதான் நிக்குது."

"நடக்கற ஸ்டைல பார்த்தாலே தெரியல? கைய பின்னால கட்டிகினு நடக்கற மாதிரி நடக்குது பாருங்க!"

"கோழிக்கு ஏதும்மா கை?"

"அதான் சார் சொல்றேன், கை இல்லாமலே அப்படி நடக்குதுன்னா அது எங்களுதுதான்."

"இதெல்லாம் ஒரு ப்ரூஃபாம்மா?"

"நீங்க ஒரு பச்சக் கொடி காட்டுங்க சார். அதுவா கெளம்பி வரும்."

கார்டு சாருக்கு மூக்கு செவந்து போச்சு. கொடி சமாச்சாரத்த பேசினா அவருக்குப் புடிக்காது. நான் போயி, "வுடுங்க சார், பொம்பளைங்க அப்டித்தான்"னேன். உள்ள வந்ததும் ஸ்டெல்லா, "இன்னாய்யா சொன்ன?"ன்னா. "கோழிங்கள சொன்னேன்"னேன்.

பொழுது சாஞ்சதும் டீச்சரம்மா அதுவா எங்க வூட்டுக்கு வந்து, வழக்கமா ஒக்கார்ற கம்பு மேல ஏறிடுச்சு. பிரச்சின தீர்ந்துது இல்ல? அதோட வுட்டிருக்கணும் இல்ல? வுட்டா நான் அந்தோணியா?

எனக்கு ஒரு யோசன வந்துது. யோசன வர்றப்பலாம் நான் எங்கயாவது போய் படுத்துகினா, என் வாழ்க்க எவ்ளோ நல்லா இருந்திருக்கும்!

ரேஸ்ல பார்த்திருப்பீங்க. குதிர எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும், ஒவ்வொரு மொதலாளிக்கும் ஒரு கலரு. ஜாக்கி போட்டிருக்கற சட்டையப் பார்த்தே இது யாரு வூட்டு குதிரன்னு தூரத்துலேருந்து சொல்லிடலாம். அதே மாதிரி நம்ம கோழிங்களுக்கும் ஒரு கலரு குடுத்துட்டா? கார்டு சார் எப்படி 'என்னுது'ன்னு சொல்லுவாரு?

லாயத்துல குதிர புண்ணுக்குப் போடற ஊதா மருந்து ஒரு பெரிய பாட்டில் கீது. பஞ்ச தோச்சு எடுத்தேன். மொதல்ல ரெக்கைல மட்டும் ஒரு கோடுன்னுதான் நெனச்சேன். கோழி சும்மா நிக்குதா? ஒதறுது. கோடு முதுகுக்குப் போச்சு. முதுகு வாலுக்குப் போச்சு. ஒரு கோழிக்கு முழுசா ஆனப்புறம் மத்ததுங்களுக்கு மட்டும் கோடு போட்டா நல்லாருக்காதேன்னு, எல்லாத்துக்கும் முழுசாவே பூசிட்டேன். என் ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் ஊதா. வேல முடிஞ்சு பார்த்தா, ரதம் மாதிரி நிக்குதுங்க.

சேவலுக்கு பூசல. அதுக்குள்ள மருந்து தீந்து போச்சு. அந்த சேவல் முழிச்ச முழி கீதே... யாரு வூட்டுப் பொம்பளைங்களோ நம்ம வூட்டுல வந்து ஒக்காந்துகினு கீறாங்கன்னு, கம்புலேருந்து எறங்கி மரியாதையா தள்ளிப் போய் நின்னுகிச்சு.

இப்ப வியாழக்கெழம காத்தாலைக்கு வர்றேன்.

ஒரு கையில வேப்பங்குச்சிய வெச்சுகினு, லேடிய வெளிய நடத்தறதுக்கு கயித்தப் போட்டேன். அவளுக்கு கோழிங்க ஒண்ணும் புதுசு இல்ல. காலுக்கு நடுவுல மேயும், கண்டுக்க மாட்டா. ஆனா அதெல்லாம் வெள்ளக் கோழி. அன்னிக்கு தொட்டிக்குள்ள முட்ட போட்டுகினு இருந்த டீச்சரம்மா, 'கொக்கொக்கோ'ன்னு ரெக்கைய விரிச்சுகினு அவ மூஞ்சிக்கு நேரா எழுந்தா பாருங்க. ஊதாக் கலர்ல!

அப்புறம் நடந்தத மொதல்லயே சொல்லிட்டேன். வயிறு, தர, வேலி.

சத்தம் கேட்டு ஸ்டெல்லா ஓடியாந்தா. என்னத் தாண்டி ஓடினா. குதிரைக்கு ஒண்ணும் ஆவலியேன்னு பார்த்துட்டு, கோழிங்க எல்லாம் கீதான்னு எண்ணிட்டு, அப்புறமா என்கிட்ட வந்து, "நீ இன்னும் ஏன்யா படுத்துகினு கீற?"ன்னா.

லேடிக்கு முன்னங்கால் முட்டில சிராய்ப்பு. ரத்தம். அதுக்குப் போட ஊதா மருந்த எடுக்கப் போனேன். பாட்டில் காலி.

செல்வராஜ் சார் ஃபியட்டப் போட்டுகினு வந்தாரு. குதிரையோட காலத் தடவிப் பார்த்தாரு. அப்புறம் நிமுந்தாரு. டீச்சரம்மா அவரு முன்னால அட்டென்டன்ஸ் எடுக்கற மாதிரி நடந்து போனா.

"அந்தோணி, என்ன இது?"

"கோழி சார்."

"அது தெரியுது. ஏன் இந்தக் கலர்ல இருக்கு?"

"அடையாளத்துக்கு சார்."

"யாருக்கு அடையாளம்? குதிரைக்கா?"

வேலிக்கு அந்தப் பக்கம் கார்டு சார் சிரிக்கற சத்தம் மட்டும் கேட்டுது.

"வர்ற திங்கட்கிழமை லாரி வருது. இவ கிண்டிக்குப் போயாகணும், ட்ரெயினர் காத்துகிட்டு இருக்கார். நல்ல வேளை, இது தோலோட போச்சு. இன்னொரு தடவை இப்படி மிரண்டு ஓடினா கால் முறிஞ்சிடும். குதிரைக்கு கால் முறிஞ்சா அப்புறம் என்ன நடக்கும்னு உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். எல்லா சைஸுக்கும் தெரியும், சுட்டுடுவாங்க. அதுல ஜோக் அடிக்க ஒண்ணும் இல்ல.

"ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வர்றேன். அப்ப இங்க ஒரு கோழி இருக்கக் கூடாது. சாரி, அந்தோணி."

சொல்லிட்டு காரெடுத்துகினு போயிட்டாரு. திட்டியிருந்தா கூட பரவால்லன்னு இருந்துச்சு. அவரு சாரின்னு சொன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

நான் ஸ்டெல்லா மூஞ்சியப் பார்த்தேன். அழுவான்னு நெனச்சேன். புடவைய இழுத்து சொருகிகினு நிக்கறா.

"என் கோழி எங்கயும் போவாது."

"சார் சொல்லிட்டாரும்மே..."

"சார் இன்னா சொன்னாரு? குதிர மெரளக் கூடாதுன்னாரு. குதிர கோழியப் பார்த்தா மெரண்டுது? கலரப் பார்த்துதானே மெரண்டுது? கலர எடு."

எடுக்கறேன்னு ஒக்காந்தேன். துணி தோய்க்கற பார் சோப்பு போட்டேன். போவல. சீயக்கா தேச்சேன். போவல. எலுமிச்சம்பழம், அப்புறம் புளி கரைச்சு ஊத்திப் பார்த்தேன். கோழிங்கமேல புளிக்கொழம்பு வாசன வந்துது, கலரு அசையல. நனைஞ்ச கோழியப் பார்த்திருக்கீங்களா? அதுக்கு வர்ற கோவத்தப் பார்த்திருக்கீங்களா? என் கையில கொத்தாத எடம் இல்ல. கார்டு சார் வேலி மேல முழங்கைய ஊணிகினு கேக்கறாரு:

"ஏம்பா அந்தோணி, எலெக்சன்ல ஒரு வெரல்லதானே மை வெப்பாங்க? உனக்கு ரெண்டு கையும் முழுசா வெச்சிருக்காங்களே... எத்தன ஓட்டு போட்ட?"

நானும் சிரிச்சேன். வேற இன்னா பண்றது, நல்லாத்தானே கேட்டாரு.

"வுடு ஸ்டெல்லா, போவாது"ன்னு கைய ஒதறினேன்.

அவ என்ன ஒரு மாதிரி பார்த்தா. "யோவ். நீதானே எல்லார்கிட்டயும் சொல்லிகினு திரியுவ... கொடையப் பார்த்து மெரண்ட குதிரைய, கொடையக் காட்டியே சரி பண்ணேன்னு?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். கட்டின பொண்டாட்டி நீயே அத்தல்லாம் நம்பினா எப்டி?"

நெசம் இன்னான்னா, அது எல்லா லாயத்துலயும் பண்றதுதான். குதிர எதப் பார்த்து பயப்படுதோ, அத்த கொள்ளுத் தட்டுக்கு எட்டத்துல மாட்டணும். மொதல்ல தூரமா. அப்புறம் கிட்ட. அப்புறம் இன்னும் கிட்ட. பசி ஜெயிக்கும், பயம் தோக்கும். குதிரைய கொடைக்குப் பழக்கினது வேற ஒரு ஆளு. நான் கொடைய புடிச்சிகினு நின்னேன். வெயில் அன்னிக்கு.

"கோழியோட கலர மாத்த முடியல. குதிரையோட மனச மாத்து"ன்னா ஸ்டெல்லா. சொல்லிட்டு உள்ள போயி, பொட்டியிலேருந்து ஒரு புடவைய எடுத்தாந்து என் கையில குடுத்தா. ஊதாப் புடவ. தவக்காலத்துல சர்ச்சுக்கு கட்டிகினு போறது. நல்ல புடவன்னு அவகிட்ட கீறதே அது ஒண்ணுதான்.

"இத்தயா? வேணாம்மே."

"மாட்டுய்யா."

அவ்ளோதான். எனக்கும் ஒரு வீம்பு வந்துடுச்சு. எத்தினியோ விஷயத்துல பின்வாங்கினவன் நான். பள்ளிக்கூடத்துலேருந்து பின்வாங்கினேன், தச்சு வேலைலேருந்து பின்வாங்கினேன். ஆனா சானடோரியத்துலேருந்து நடந்து வந்த பொம்பள, 'மாட்டுய்யா'ன்னு சொல்றப்ப பின்வாங்க முடியுமா?

புடவைய லாயத்துக் கோடியில கம்பத்துல கட்டினேன். கொள்ளுத் தட்ட நடுவுல வெச்சேன். லேடி மூலையில போய் நின்னுகினு, காத மடக்கி, புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதறா. ஒரு வாய் துன்னல. நான் தட்டாண்ட ஒக்காந்து, "பாரு லேடி, ஒண்ணியும் இல்ல, மாமா துன்றேன் பாரு"ன்னு ரெண்டு பிடி கொள்ள வாயில போட்டேன். அவ பார்த்த பார்வைல, மனுஷ ஜாதி மேலயே அவளுக்கு மரியாத போயிடுச்சுன்னு தெரிஞ்சுது.

சாயங்காலம் ஒரு அடி முன்னால வந்தா. இருட்டறதுக்குள்ள கழுத்த நீட்டி, காலெல்லாம் பின்னாலயே வெச்சுகினு, ஒதட்டால தட்ட இழுத்துத் துன்னா. நான் ஸ்டெல்லாவப் பார்த்து கண்ணடிச்சேன். அவ, "இன்னும் கிட்ட மாட்டு"ன்னா.

வெள்ளிக்கெழம புடவைய தட்டுக்கு மேலயே மாட்டிட்டேன். காத்துல படபடன்னு ஆடுது. லேடி வந்தா. மோந்தா. கொள்ளு துன்னா. நிம்மதியா துன்னா. நான் பீடி பத்த வெச்சுகினு, பெரிய ட்ரெயினர் மாதிரி சாஞ்சு நின்னு, திரும்பிப் பார்க்கறேன்... கொள்ளு காலி. முந்தானையும் பாதி காலி.

ஸ்டெல்லாகிட்ட மிச்சத்த எடுத்துகினு போனேன். விரிச்சுப் பார்த்தா. திருப்பி மடிச்சா. எனக்கு பயம் வந்துடுச்சு. அப்புறம் மெதுவா சொன்னா:

"புடவையே துன்ற அளவுக்கு பயம் போயிடுச்சு இல்ல? அப்ப கோழிய வை."

டீச்சரம்மாவ கூடைக்குள்ள போட்டு மூடி, தட்டாண்ட வெச்சேன். லேடி கூடையோட ஓட்டை வழியா எட்டிப் பார்த்தா. டீச்சரம்மா உள்ளேருந்து அதட்டினா. லேடி தலைய இழுத்துகிச்சு. ஆனா ஓடல. சனிக்கெழம கூடைய எடுத்துட்டேன். டீச்சரம்மா நேரா தொட்டி விளிம்புல ஏறி நின்னு, இறங்கி, கொள்ளுல கால வெச்சு, கிளறி, குதிர மூஞ்சிலயே அடிச்சா. லேடி கண்ண மூடிகினு பொறுத்துகிச்சு. அதுக்கப்புறம் ரெண்டும் ஒரே தட்டுல.

ஒரு விஷயம் பார்த்தேன். டீச்சரம்மா எறங்கி தண்ணி குடிக்கப் போனா, லேடி துன்றத நிறுத்திட்டு, எங்க போறான்னு தலையத் தூக்கிப் பார்க்குது. திரும்பி வந்தாத்தான் மறுபடி வாய வெக்குது. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். புரியற மண்டையா இருந்தா கோழிக்கு மருந்து பூசியிருப்பேனா?

ஞாயித்துக்கெழம. சார் சர்ச்லேருந்து நேரா வந்தாரு. கார விட்டு எறங்கினதும் குப்பமேட்டுல ஊதா ஊதாவா நின்னுதுங்க. அவரு மூஞ்சி மாறிடுச்சு.

"அந்தோணி, நான் என்ன சொன்னேன்?"

ஸ்டெல்லா முன்னால வந்தா.

"சார், ஒரு தடவ வந்து பாருங்க. பார்த்தப்புறமும் வேணாம்னா, நானே எல்லாத்தையும் புட்ச்சு கூடையில போட்டு குடுத்துடறேன். அழ மாட்டேன்."

சார் லாயத்துப் பக்கம் நடந்தாரு. லாயத்துக் கதவத் தொறந்தேன். டீச்சரம்மாவ ஸ்டெல்லா கீழ வுட்டா. அது ஒரு எட்டு வெச்சுது. நின்னுது. சாரோட ஷூவ ஏற எறங்கப் பார்த்துது. அப்புறம் உள்ள போயி, லேடியோட முன்னங்காலு ரெண்டுக்கும் நடுவுல பூந்து, ரெக்கைய படபடன்னு அடிச்சுகினு, அவ மூக்குக்கு நேரா எழும்பி தொட்டில ஒக்காந்துது.

நான் கண்ண மூடிகினேன்.

தொறந்து பார்த்தா லேடி நிக்கறா. காதுகூட மடங்கல. தலையக் குனிஞ்சு, டீச்சரம்மா முதுகுல ஒரு தடவ மோந்துட்டு, கொள்ளுல வாய வெச்சா.

சார் பார்த்தாரு. சிகரெட்ட எடுத்து, பத்த வெக்காம திரும்ப உள்ள வெச்சாரு.

"நாளைக்கு லாரில ஒழுங்கா ஏறட்டும். அதுக்கப்புறம் கோழி விஷயத்த சொல்றேன். இப்ப ஒண்ணும் சொல்லல."

போயிட்டாரு. ஸ்டெல்லா ராத்திரி சாப்பிடல. நான் அவ பங்கையும் சேத்து சாப்ட்டேன், கவலையில.

ஆச்சா? இன்னிக்கு திங்கக்கெழம. லாரி வந்து பலகைய எறக்கி வெச்சிருக்காங்க. லாரிக்காரங்களே லேடிய ஏத்திக்கறோம்னுட்டாங்க. நான் லாயத்துல கொள்ளு மூட்டைங்களுக்குப் பின்னால ஒக்காந்து இத்த எழுதிகினு கீறேன். ஏன் ஒளிஞ்சுகினு எழுதறேன்னு கேக்கறீங்களா? சார் கண்ணுல படலன்னா கோழி விஷயத்த மறந்துட்டு வூட்டுக்குப் போயிடுவாரோன்னு ஒரு நப்பாச. அவரு மறக்கற ஆளு இல்ல. ஆனா நான் நம்பற ஆளு.

பலகைல குளம்புச் சத்தம் கேக்குது. ஒண்ணு... ரெண்டு... நின்னுடுச்சு. பின்னால எறங்குது. "ஏ, ஏ, ஏ, இழு இழு!" மறுபடி ஏறுது. மறுபடி எறங்குது. இப்ப கத்தறா பாருங்க, சைலன்ட் லேடி! நான் இன்னா சொல்ல வந்தேன்னா... குதிரைய ஒரு விஷயத்துக்குப் பழக்கறோம்னா, அது எவ்ளோ தூரம் பழகிடும்ன்றத...

"அந்தோணி! எங்கப்பா போன?" சார் கத்தறாரு. "இவ ஏற மாட்டேங்கறா. திரும்பித் திரும்பி லாயத்தையே பார்க்கறா. ஸ்டெல்லா, அந்தக் கோழிய கொண்டாம்மா!"

"எந்தக் கோழி சார்?"

"அதாம்மா, அந்த ஊதாக் கோழி! சீக்கிரம்!"

"இங்க ஒரு கோழி இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே சார்?"

மூட்ட சந்துல எட்டிப் பார்க்கறேன். ஸ்டெல்லா டீச்சரம்மாவ இடுப்புல இடுக்கிகினு, லாரியாண்ட நிக்கறா. குடுக்க மாட்டா. எனக்குத் தெரியும், அவ கால் இன்னும் ஒரு எட்டு முன்னால போவாது. சாரும் பார்க்கறாரு. லேடியும் பார்க்கறா. லாரிக்காரன் கைக்கடியாரத்தப் பார்க்கறான்.

"சரிம்மா, இருக்கட்டும்! எல்லாக் கோழியும் இங்கயே இருக்கட்டும்! இனிமே நான் அதப் பத்தி பேசவே மாட்டேன். போதுமா? குடு!"

"கார்டு சார்!" வேலிப் பக்கம் திரும்பி ஸ்டெல்லா கத்தறா. "காதுல வுழுந்துதா? நீங்க சாட்சி!"

"வுழுந்துதும்மா! க்ளியரா வுழுந்துது!"

இப்ப குடுத்துட்டா. பலகைல கோழி நடக்குது, ஒவ்வொரு காலா எடுத்து வெச்சு. பின்னாலயே குளம்புச் சத்தம். டக், டக், டக். நிக்கல. மேல போயிடுச்சு.

ஸ்டெல்லா முந்தானையால மூஞ்சியத் தொடைக்கறா. அழ மாட்டேன்னு சொன்னவ.

"அந்தோணி! குதிர ஏறிடுச்சு, கோழி ஏறிடுச்சு. கிண்டி வரைக்கும் கோழிய யாரு புடிச்சுக்கறது? வந்து ஏறுப்பா!"

இருங்க, சார் கூப்புடறாரு. இத்தன வருஷமா குதிரைக்கு சைஸா இருந்தேன்... இன்னியிலேருந்து கோழிக்கு.